ஓர் ஊர் பிந்திய நன்றி

மிருதங்கக்காரர் குடும்பத்தில், கை நனைக்காத வீட்டுக்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. அதற்குக் காரணம் ஒரு கல்யாணம். அவருடைய அப்பா அந்தக் கல்யாணத்தில் வாசித்துவிட்டு எழுந்து நின்று, பெண் வீட்டார் அளிக்கவிருக்கும் விருந்துக்கு முன்கூட்டியே நன்றி சொன்னார். சொல்லி முடித்த பத்தாவது நிமிடத்தில் சம்பந்திகளுக்குள் பேச்சு தடித்தது. அடுப்பை அணைத்துவிட்டார்கள். வாசித்தவர்கள் எல்லாரும் பட்டினியாக ரயிலேறினார்கள். பசி அப்பாவைப் பெரிதாக வாட்டவில்லை. சொன்ன நன்றி பொய்யாகிப் போனதே என்பதுதான் அவரைச் சாகும்வரை அரித்தது. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு சட்டங்கள் அமலுக்கு வந்தன. பெற்றுக்கொண்ட பிறகே நன்றி சொல்ல வேண்டும். அதையும் சபையில் சொல்ல வேண்டும். நாலு பேர் காதில் விழாத நன்றி வெறும் விடைபெறும் பேச்சுதான்.

இந்தச் சட்டங்களால் இத்தனை காலம் யாருக்கும் தொந்தரவு இருந்ததில்லை. அறுபத்தாறாம் வயதில் அவர் முதன்முறையாக விமானமேறி, பதினெட்டு நாளில் ஆறு ஊர் என்று ஒரு கச்சேரிப் பயணத்துக்குக் கிளம்பியபோதுதான் சிக்கல் வந்தது.

கிளம்பியவர்கள் மூன்று பேர். பாடுபவள் அவருடைய தம்பி மகள். வயலின் அவள் கணவர், குடும்பத்துக்கு மாப்பிள்ளை. கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். மூத்தவர் என்ற முறையில் மேடையில் பேசும் பொறுப்பு மிருதங்கக்காரருடையது. இதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அவர் இருக்கிற சபையில் இன்னொருவர் வாய் திறப்பது அந்தக் குடும்பத்தில் நடந்ததில்லை.

பயணத்தை ஏற்பாடு செய்தவர் அந்த நாட்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். சங்கீதத்தின் மேல் இருந்த பிரியத்தில் அந்த வருடத்து விடுமுறை முழுவதையும் இவர்களுக்காகச் செலவழித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அட்டவணை இருந்தது. எந்த ஊரில் யார் வீடு, அந்த வீட்டில் எத்தனை அறை, வெந்நீர் எத்தனை மணிக்கு, யாருக்கு எந்தத் தலையணை ஆகாது என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார். மாப்பிள்ளை முதல் நாளே அவருக்கு ‘அட்டவணை’ என்று பெயர் வைத்துவிட்டார். இரண்டாம் நாள், அப்படிக் கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வந்து இறங்கிய மாலையே கச்சேரி, அதற்குப் பிறகு இரண்டு நாள் தங்கல். ஆறு ஊருக்கும் இதுதான் முறை. கச்சேரியை முதலிலேயே முடித்துவிட்டால் வந்தவர்களை நிம்மதியாக உபசரிக்கலாம் என்பது அட்டவணையின் யோசனை. நல்ல யோசனைதான். மிருதங்கக்காரருடைய அப்பாவை மட்டும் அவர் யோசனையில் சேர்த்துக்கொள்ளவில்லை.

முதல் ஊரில் விமான நிலையத்திலிருந்து நேரே அரங்கத்துக்குப் போனார்கள். கச்சேரி முடியும் தறுவாயில் அட்டவணை ஒரு தாளைக் கொடுத்தார். ஒன்பது பெயர்கள், கடைசியில் ‘மற்றும் பலர்’. மிருதங்கக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு எழுந்து, விமான நிலையத்தில் தன் மிருதங்கப் பையைத் தூக்கி எறியாமல் இரண்டு கையாலும் ஏந்தி வைத்த ஊழியப் பெண்ணுக்கும், வழியில் ஒரு முறைகூடச் சட்டென்று பிரேக் போடாத வண்டி ஓட்டுநருக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எழுந்து கும்பிடத் தயாராக முன்வரிசையில் முக்கால்வாசி எழுந்திருந்த ஒன்பது பேரும் வந்த வழியே உட்கார்ந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் அட்டவணை தயங்கித் தயங்கி வந்தார்.

“ஐயா, பேரெல்லாம் எழுதிக் கொடுத்திருந்தேனே.”

“படிச்சேன். நல்ல பேருங்க.”

“சொல்லலையே.”

“இன்னும் அவங்க ஒண்ணும் செய்யலையே தம்பி. நாளைக்கு அவங்க வீட்டு அடுப்பு எரியலன்னா என் வாக்கு என்ன ஆகறது?”

அடுப்பு எரியும் என்று அட்டவணை உறுதி சொன்னார். எரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார் மிருதங்கக்காரர்.

அடுப்பு நன்றாகவே எரிந்தது. அந்த ஊரில் தங்கியது ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில். கணவனும் மனைவியும் தங்கள் கட்டிலை இவர்களுக்குக் கொடுத்துவிட்டுச் சோபாவில் ஆளுக்கொரு பக்கமாகக் கால் நீட்டிப் படுத்தார்கள். மிருதங்கக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, கேட்காமலேயே குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ரவை விஷயத்தில் மட்டும் சறுக்கினார்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் கச்சேரிக்கு முன்னால் நனைத்த ரவையைப் பிசைந்து அப்ப வேண்டும், அப்போதுதான் அந்தப் பக்கம் கனத்துப் பேசும். மறுநாள் சாதகத்துக்கு ரவை வேண்டும் என்று கேட்டபோது மருந்துக்கடைக்காரர் கடை கடையாக ஏறி இறங்கிக் கடைசியில் ஓட்ஸ் வாங்கி வந்தார். உடம்புக்கு இதுதான் நல்லது என்றும் சொன்னார். மிருதங்கக்காரர் மறு பேச்சுப் பேசாமல் அதை அப்பி வாசித்தார். விருந்தாளி குறை சொல்வதும் அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

இரண்டாம் ஊர்க் கச்சேரியில், கையில் இருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, முதல் ஊர் மருந்துக்கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் நன்றி சொன்னார். ஒன்பது நிமிடம் சொன்னார். கட்டில், சோபா, பிளாஸ்டிக் நாற்காலி, அதன் நிறம், ஓட்ஸ் எதையும் விடவில்லை. தாங்கள் பார்த்தேயிராத ஒரு மருந்துக்கடைக்காரரின் பெருமையை இரண்டாம் ஊர்க்காரர்கள் வாய் மூடிக் கேட்டார்கள். பிறகு கை தட்டினார்கள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ அதைச் செல்பேசியில் பிடித்து முதல் ஊருக்கு அனுப்பினார்கள். மருந்துக்கடைக்காரர் மனைவி அதை ஏழு முறை பார்த்ததாகவும், கணவர் மறுநாள் கடையைப் பத்து நிமிடம் தாமதமாகத் திறந்ததாகவும் தகவல் வந்தது. இரண்டாம் ஊரில் தங்கிய வீட்டில், இவர்கள் போவதற்கு முன்பே குளியலறையில் ஒரு புதுப் பிளாஸ்டிக் நாற்காலி காத்திருந்தது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

மூன்றாம் ஊருக்குப் போகும் வண்டியில் தம்பி மகள் கேட்டாள்.

“பெரியப்பா, இப்படியே ஒவ்வொரு ஊருக்கும் அடுத்த ஊர்ல சொல்லிட்டுப் போறீங்க. கடைசி ஊருக்கு எங்க சொல்வீங்க?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அத அப்ப பாத்துக்கலாம்.”

“விமானத்துல சொல்வாரு,” என்றார் மாப்பிள்ளை. “அந்தரத்துல சபை கூடும்.”

அந்தக் கேள்வி மிருதங்கக்காரருடனேயே வண்டியில் வந்தது. ஆறு வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஐந்து வீட்டுக்கு நன்றி சொன்னவன் என்று தன் பெயரோடு ஒரு பேச்சு ஒட்டிக்கொள்ளக் கூடாது. அப்பா இருந்தால் அந்த ஆறாவது வீட்டைப் பற்றித்தான் கேட்பார்.

அதற்குள் செய்தி ஊருக்கு ஊர் பரவியிருந்தது. இந்த ஊரில் செய்வது அடுத்த ஊரில் பேசப்படும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டில் இஸ்திரி போட்ட துண்டுகளை எடுத்து வந்து, உபயோகிக்க வேண்டாம், பார்த்து வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள். இன்னொரு வீட்டில் மாமியார் மருமகள் இருவரும் தனித்தனியாக வந்து, சமைத்தது தான்தான் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். மிருதங்கக்காரர் நடந்ததை மட்டும்தான் சொன்னார். மூன்றாம் ஊர் வீட்டில் வெந்நீர்க் கருவி வேலை செய்யவில்லை. அதனால் வீட்டுக்காரர் இரண்டு நாளும் சமையலறையிலிருந்து மாடிக்கு வாளி வாளியாக வெந்நீர் சுமந்தார். நான்காம் ஊர் மேடையில் இவர் அந்த வாளிகளை எண்ணிச் சொல்லி நன்றி கூறினார். வெந்நீர்க் கருவி கெட்டிருந்தது ஊரறியத் தெரிந்துவிட்டதே என்று வீட்டுக்காரருக்கு ஒரு நாள் மனத்தாங்கல். மறுநாள் அவரே அந்தப் பேச்சைத் தன் அலுவலகத்தில் போட்டுக் காட்டியதாகக் கேள்வி.

ஆறாம் ஊர்தான் கடைசி. அரங்கத்துக்குப் போகும் வழியிலேயே அட்டவணை கெஞ்ச ஆரம்பித்தார். இதற்குப் பிறகு மேடை இல்லை, ஊர் இல்லை, அட்டவணையிலும் கட்டம் இல்லை. இந்த ஒரு நாள் மட்டும் இரண்டு ஊருக்கும் சேர்த்துச் சொல்லிவிடக் கூடாதா என்று கேட்டார். அந்த ஊர்ச் சங்கத் தலைவர் பல் மருத்துவர், தங்கமான மனிதர், எதிர்பார்ப்பார் என்றும் சொன்னார்.

“அவர் எதிர்பாக்கறது தப்பில்ல. நான் முன்னாலயே சொன்னாத்தான் தப்பு,” என்றார் மிருதங்கக்காரர்.

ஆனால் மேடையேறியதும் ஒன்று நடந்தது. அவர் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடியின் ஓரம் லேசாக நசுங்கியிருந்தது. திறந்து பார்த்தார். ரவை. பதமாக நனைந்து, விரலில் எடுத்தால் உருளுகிற பக்குவத்தில் இருந்தது. இந்தப் பயணத்தில் அவர் ஓட்ஸில் வாசித்திருந்தார், கோதுமை மாவில் வாசித்திருந்தார், ஓர் ஊரில் பிஸ்கட்டை நனைத்துக்கூட வாசித்திருந்தார். கேட்காமல் ரவை வந்தது இதுதான் முதல் தடவை. யார் வைத்தது என்று நிமிர்ந்து பார்த்தார். மேடையோரம் நின்றிருந்த தலைவர் சிரித்துக் கும்பிட்டார்.

அன்று இடப்பக்கம் கோவில் மணி மாதிரிப் பேசியது. கடைசியில் மிருதங்கக்காரர் எழுந்து ஐந்தாம் ஊருக்கு உரிய நன்றியைச் சொன்னார். பிறகு, இந்த ஊரிலும் ஒன்று கைக்கு வந்து சேர்ந்துவிட்டது, ஆகவே சொல்லியாக வேண்டும் என்று தொடங்கி, ரவை தந்த தலைவருக்கு நன்றி என்று முடித்தார். தலைவர் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். ரவையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. மனைவி கொடுத்திருப்பாள் என்று அவர் நினைத்தார், அவர் கொடுத்திருப்பார் என்று மனைவி நினைத்தாள். சபை கை தட்டியது. மூன்றாவது வரிசையில், வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் செருப்போடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவும் தட்டினார்.

அந்த அம்மா வீட்டில்தான் தங்கல். ஐம்பது வயதைத் தாண்டியவர், தனியாள். இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்குப் பணி ஆரம்பம். முன் அறையை மிருதங்கக்காரருக்கும் நடு அறையை மற்ற இருவருக்கும் கொடுத்துவிட்டு, “நான் பின் ரூம்ல படுத்துக்கறேன்,” என்று சமையலறைப் பக்கத்தில் இருந்த ஒரு கதவைக் காட்டினார். விடிவதற்கு முன்பே எழுந்து சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மூன்று மணிக்கு வந்து மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார். எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை. துண்டைக் காட்டவில்லை. குளியலறையில் பழைய மர முக்காலி ஒன்று, எப்போதும் அங்கேயே இருப்பது போல் இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளைதான் வாயைக் கிளறினார். எத்தனை வருடமாகக் கலைஞர்களுக்கு இடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பதினொரு வருடம் என்றார் அந்த அம்மா. சங்கத்தில் பெரிய வீடுகள் பல இருந்தன, ஆனால் ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும், இன்னொரு வீட்டில் சுவருக்குச் சாயம் அடித்துக்கொண்டிருப்பார்கள். சங்கத்தில் உங்களை மேடையேற்றி மரியாதை செய்ததுண்டா என்றார் மாப்பிள்ளை.

“ஏன் இல்ல? வருஷா வருஷம் சொல்வாங்களே. கடைசியில ‘மற்றும் பலர்’னு வரும் பாருங்க, அது நான்தான்.”

மாப்பிள்ளையும் தம்பி மகளும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே மிருதங்கக்காரர் தட்டில் சோற்றை வைத்தார்.

“இந்த வருஷம் ஐயா தாள மடிச்சு வச்சுட்டாரு. அதுவும் இல்லாம போச்சு.”

விளையாட்டாகச் சொன்னதுதான். மிருதங்கக்காரர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். அன்று மோர் வேண்டாம் என்றார்.

மூன்றாம் நாள் பயணம். ஒன்பது ஐம்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணையில் இருந்தது. அந்த அம்மா வழக்கம்போல் விடியலில் வேலைக்குப் போய்விட்டார். ஏழரை மணிக்கு மிருதங்கக்காரர் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மிருதங்கத்தைக் கட்டி முடிக்கும்வரை அனல் படாத இடமாக வைக்க வேண்டும் என்று தேடினார். அறைகளில் எல்லாம் சூடேற்றும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. பின் அறை குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்து, ஆளில்லாத அறைதானே என்று கதவைத் திறந்தார்.

மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். அறை வளரவில்லை.

அது ஓர் அலமாரி. வாக்குவம் கிளீனர், இஸ்திரிப் பலகை, துடைப்பம். இவை நிற்கத்தான் இடம் இருந்தது, ஆள் படுக்க அல்ல. மேல்தட்டில் எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் சின்னத் தாள் ஒட்டியிருந்தது. ‘வயலின் – பிசின்’. ‘பாட்டு – மிளகு, பனங்கற்கண்டு’. ‘வயசானவங்க – முழங்கால் தைலம்’. ஓரிடத்தில் தாள் மட்டும் இருந்தது, டப்பா இல்லை. ‘மிருதங்கம் – ரவை. அரை மணி முன்னாடி நனைக்கணும்.’

மிருதங்கக்காரர் தன் பைக்குள் கையை விட்டு, தலைவரிடம் திருப்பித் தரவேண்டும் என்று வைத்திருந்த டப்பாவை எடுத்தார். அந்தக் காலி இடத்தில் வைத்தார். அளவு சரியாக இருந்தது. நசுங்கிய மூடியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை மறுபடி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

அட்டவணை அப்போதுதான் வண்டியோடு வந்திருந்தார். அந்த அம்மா எங்கே தூங்குகிறார் என்று மிருதங்கக்காரர் கேட்டார். அட்டவணை தாளைப் பார்த்து, பின் அறை என்றார். மிருதங்கக்காரர் அவரைக் கூட்டிப்போய்ப் பின் அறையைக் காட்டினார். அட்டவணை தாளையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கு வருடமாக அந்தக் கட்டத்தில் ‘அறைகள்: 3’ என்று எழுதி வந்தவர் அவர்தான். தலைவருக்குப் போன் போட்டு விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஓய்வறை ஒன்று உண்டு. கலைஞர்கள் வந்தால் அந்த அம்மா ராத்திரி அங்கே போய்ப் படுத்துக்கொள்வார். ரவையைப் பற்றியும் கேட்டார்கள். தலைவர் மனைவியிடம் கேட்டார். அவளும் கொடுக்கவில்லையாம்.

மிருதங்கக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் அப்பா சொன்ன நன்றியாவது அடுத்தவர் அடுப்பை அணைத்ததால்தான் பொய்யானது, நான் சொன்னது சொல்லும்போதே பொய் என்றார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, மிருதங்கப் பையைப் பார்த்துச் சொன்னார்.

தம்பி மகள் பக்கத்தில் வந்து, அந்த அம்மாவுக்குப் போன் போட்டுத் தருகிறேன், நீங்களே இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள்.

“போன்ல சொல்றது நன்றி இல்லம்மா. தகவல்.”

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒரு கடிதமாக வாசித்துவிடலாம் என்று தலைவர் போனிலேயே சொன்னார். அதையும் அவர் ஏற்கவில்லை. சபையில் தப்பாகச் சொன்ன வாய் எதுவோ அதுதான் சபையில் திருத்த வேண்டும் என்றார். பிறகு அட்டவணையைப் பார்த்தார்.

“அந்த அம்மா வேலை பாக்கற இடத்துல எத்தன பேர் இருப்பாங்க?”

“ரத்தம் குடுக்க வந்தவங்கதான் இருப்பாங்க ஐயா. காலையில முப்பது பேராவது இருப்பாங்க.”

“போதும்.”

“நம்ம ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்களே. யாருக்கும் புரியாது.”

“கச்சேரி மட்டும் எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

அட்டவணை போய் வண்டிக் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை பெட்டிகளை ஏற்றினார்.

ஆஸ்பத்திரியின் அந்தப் பிரிவில் வெள்ளைச் சுவர், வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மூன்று இருக்கைகள். அந்த அம்மா நடு இருக்கைக்குப் பக்கத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலில் டோக்கன் தரும் இயந்திரம் இருந்தது. நேரே உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்துவிடலாம் என்று அட்டவணை அவசரப்படுத்தினார். காலையிலிருந்து காத்திருப்பவர்களைத் தாண்டிப் போய் மரியாதையைப் பற்றிப் பேசுவதா என்று கேட்டு, மிருதங்கக்காரர் பொத்தானை அழுத்தி டோக்கன் எடுத்தார். ஐம்பத்தேழு. உள்ளே முப்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்தார். பஞ்சகச்சம், ஜிப்பா, மடியில் எவர்சில்வர் டப்பா. அதைப் பார்த்த பக்கத்து நாற்காலிக் கிழவர், தன் கையிலிருந்த மாதிரிப் புட்டியைச் சற்று மறைத்துக்கொண்டார். மணி ஒன்பது இருபது, ஒன்பது ஐம்பது, பத்து ஐந்து. அட்டவணை தன் தாளில் எதையோ அடித்து எழுதினார், அதையும் அடித்தார். மாப்பிள்ளை எண்களைக் காதோடு அறிவித்துக்கொண்டிருந்தார்.

பத்து பன்னிரண்டுக்கு அந்த அம்மாவின் குரல் ஐம்பத்தேழைக் கூப்பிட்டது. மிருதங்கக்காரர் போய் இருக்கையில் உட்கார்ந்தார். அந்த அம்மா புது ஊசியைப் பிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். பார்த்துவிட்டார். கையுறை போட்ட கை அப்படியே நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த இருக்கையில் வந்து உட்காரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் வாய் தானாகக் கேட்டது.

“சாப்ட்டுட்டு வந்தீங்களா?”

“உங்க வீட்லதான் சாப்ட்டேன்,” என்றார் மிருதங்கக்காரர். “அதச் சொல்லத்தான் வந்தேன்.”

எழுந்தார். கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்து, காத்திருந்தவர்களைப் பார்த்துக் கை குவித்து, மேடையில் பேசும் அதே குரலில் ஆரம்பித்தார். அட்டவணை பக்கத்தில் நின்று அந்த ஊர் மொழியில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. மிருதங்கக்காரர் ஒரு நிமிடம் பேசி நிறுத்தினார். அட்டவணை மூன்று சொல்லில் முடித்தார். மிருதங்கக்காரருக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் நீளம் தெரியும்.

“தம்பி, நான் எட்டு ஆவர்த்தனம் வாசிச்சிருக்கேன். நீங்க ஒரு தட்டு தட்டிட்டு நிக்கறீங்க.”

அட்டவணை தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். கச்சேரி மேடையில் தான் தவறான ஆளுக்கு நன்றி சொன்னதை மிருதங்கக்காரர் முதலில் ஒப்புக்கொண்டார். தலைவரைக் குறை சொல்லவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளாதது தன் பிழை என்றார். ரவையின் பதத்தைச் சொன்னார். விடிகாலைச் சமையலைச் சொன்னார். மர முக்காலியைச் சொன்னார். பின் அறைக்கு வந்தபோது, அதன் அகலத்தை இரண்டு கையாலும் காட்டினார். அதை மொழிபெயர்க்கும்போது அட்டவணையும் இரண்டு கையை விரித்தார். அங்கே அவர், மிருதங்கக்காரர் சொல்லாத எதையோ சேர்த்துச் சொன்னார். என்னவென்று யாரும் கேட்கவில்லை. ‘அறைகள்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் அதில் இருந்ததாக மாப்பிள்ளை பிற்பாடு சொன்னார்.

“மற்றும் பலர்னு ஒருத்தரும் இல்ல,” என்று முடித்தார் மிருதங்கக்காரர். “இவங்க ஒருத்தர்தான். இது என் வீட்டு வாக்கு.”

டோக்கனோடு இருந்தவர்கள் கை தட்டினார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேருக்கு இரண்டு கையும் சேரவில்லை. அவர்கள் சும்மா இருந்த கையால் தொடையில் தட்டினார்கள். மிருதங்கக்காரர் அதைக் கொஞ்சம் கவனித்தார். தாளம் சேரவில்லை, ஆனால் மனசோடு தட்டினார்கள்.

அந்த அம்மா அதுவரை கையுறையைக் கழற்றவும் இல்லை, உட்காரவும் இல்லை.

“ஐயா, ரவைய நனைச்சு வைக்கறது ஒரு வேலையா? அதுக்குப் போய்…”

“வேலையா இல்லையான்னு நீங்க சொல்லக் கூடாதும்மா. பிஸ்கட்டுல வாசிச்ச நான் சொல்லணும்.”

டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா வாங்கி, ரத்தக் குழாய்கள் இருந்த தட்டின் ஓரமாக வைத்தார். ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி வைத்தார். முழங்கையால் கண்ணை ஒற்றிக்கொண்டு ஐம்பத்தெட்டைக் கூப்பிட்டார்.

விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடம் பிந்தி, பெட்டி வாங்கும் இடத்தை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டிகளைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, இதுவரை யாரும் நன்றி சொல்லாத இன்னொருவர் கையில் தாளோடு நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி மகள்தான் பெரியப்பாவின் காதில் சொன்னாள்.

“மறக்கல,” என்றார் மிருதங்கக்காரர். “மிருதங்கம் முழுசா வீடு போய்ச் சேரட்டும். அதுவரைக்கும் அவர் வேலை முடியல. நம்ம ஊர் சபையில சொல்றேன்.”

“அவருக்கு எப்படித் தெரியும் மாமா? போன்ல சொன்னா தகவல்னு நீங்கதான சொன்னீங்க,” என்றார் மாப்பிள்ளை.

மிருதங்கக்காரர் சற்று யோசித்தார். சட்டத்தை அவர் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் வேறு வழி தெரியவில்லை.

“அப்ப அவர்தான் வரணும். தம்பி, நீங்க கிளம்பி வாங்க. நம்ம வீட்ல தங்கி, ரெண்டு நாள் சாப்பிட்டு, சபையில உக்காந்து கேட்டுட்டுப் போங்க.”

அடுத்த வருட விடுமுறைதான் இனி இருக்கிறது என்று அட்டவணை மெதுவாகச் சொன்னார். அதுவரை காத்திருக்கிறேன் என்றார் மிருதங்கக்காரர். அட்டவணை தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“வெந்நீர் எத்தன மணிக்கு ஐயா?”